மூன்று சுற்றுக்கு மேல் முறுக்காதே

உலோகம் ஊற்றும் கேஸ்டிங் அறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஒரு கதை சொல்லியிருப்பார்கள். முன்பு லூர்து என்று ஒருவன் இருந்தான். மெஷினின் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் முறுக்கினான். ரிங் வெடித்தது, வலது கை போயிற்று. கதையை முடித்ததும் சுவரில் இருக்கும் பலகையைக் காட்டியிருப்பார்கள். சிவப்பு எழுத்தில், 'மூன்று சுற்றுக்கு மேல் முறுக்காதே.' எங்கள் பல் லேபில் வேலை பார்த்தவர்கள் வேறு லேபுகளுக்குப் போனபோது கதையையும் பலகையையும் எடுத்துப் போனார்கள். ஒரகடம் பக்கம் நான் நுழைந்த மூன்று இடங்களில் அதே வாசகத்தைப் பார்த்தேன்.

அந்தக் கதை பொய். அதைக் கட்டியவன் நான். பலகையின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவனும் நான்தான். லூர்துசாமியின் கை போனது என்னால். ரிங்கில் விரிசல் இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். விசாரணையில் அவர் மேல் பழியைப் போட்டேன்.

அப்போதெல்லாம் நான் அவரை அவன் இவன் என்றுதான் சொல்வேன். இப்போது எழுதும்போது அவர் என்று வருகிறது. அதற்கு மரியாதை என்று பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை. அப்படித்தான் கை எழுதுகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் எங்கள் ஷெட் இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாம் காருக்கும் லாரிக்கும் உதிரிபாகம் செய்தார்கள். நாங்கள் பல் செய்தோம். வெளிநாட்டுப் பல் மருத்துவர்கள் நோயாளியின் வாய் அளவை அனுப்புவார்கள். சில பற்கள் மட்டும் போனவர்களுக்கு, செயற்கைப் பல்லைத் தாங்கும் உலோகச் சட்டம் ஒன்று வேண்டும். அதை மெழுகில் செய்ய ஓர் அறை நிறையப் பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலும் தெற்கத்திப் பெண்கள், பக்கத்து ஹாஸ்டலில் தங்கியிருந்தார்கள். அவர்கள் செய்த மெழுகை உலோகமாக மாற்றுவது எங்கள் அறையின் வேலை. நான் வேதியியல் முதுகலை படித்தவன். அறைக்குப் பொறுப்பாளன்.

வேலை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கையில் இது கிடைத்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். மெழுகுச் சட்டத்தைச் சுற்றி, சூடு தாங்கும் ஒரு தனி வகை மாவைக் கரைத்து ஊற்றி இறுகவைப்போம். ஊற்றுவதற்குப் பிடித்த பிளாஸ்டிக் வளையத்தைக் கழற்றிவிட்டு, அந்தக் கட்டியை உலைக்குள் வைப்போம். வளையம் போன பிறகும் அதற்குப் பெயர் ரிங்தான். உலைச் சூட்டில் மெழுகு எரிந்துபோய், அதன் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். சிவக்கக் காய்ந்த ரிங்கை ஸ்பிரிங் மெஷினின் கையில் பொருத்தி, முறுக்கி வைத்த ஸ்பிரிங்கை விடுவித்து, உருகிய உலோகத்தை அதற்குள் சுழற்றி எறிய வேண்டும். ரிங் தாங்கினால் சட்டம் கிடைக்கும். தாங்காவிட்டால் உலோகம் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

ரிங் உடைய எத்தனையோ காரணங்கள். ஈரம் போவதற்குள் சூட்டை ஏற்றுவது, மாவிலும் திரவத்திலும் அளவு பிசகுவது, மெழுகை ஓரத்துக்கு மிக அருகில் வைப்பது. புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. இவற்றில் ஒன்றைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். ஒருமுறை காய்ந்து ஆறிப்போன ரிங்கை மறுபடி காய்ச்சக் கூடாது. ஆறும்போது உள்ளே மயிரிழை போல விரிசல் விழும். திரும்பச் சூடேற்றினால் அது மூடாது, விரியும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. தூக்கிப் போட வேண்டியதுதான். மெழுகு ஏற்கனவே எரிந்துபோயிருக்கும், ஆகவே முதலிலிருந்து செய்ய வேண்டும். அந்த இழப்புதான் மனிதனைத் தவறு செய்யவைக்கிறது.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வோம். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச்சால் உலோகத்தை உருக்குவார். மற்றவர் உலையிலிருந்து ரிங்கை இடுக்கியால் எடுத்து மெஷினில் வைப்பார். டார்ச் பிடிப்பவருக்கு அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியே ரிங்கின் முகம் தெரியாது. ஆகவே அவர் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகுதான் ஸ்பிரிங்கை விடுவிக்கலாம். டார்ச் பெரும்பாலும் லூர்துசாமியிடம். அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ரிங்கு நல்லா கீதா சார்?"

அவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்பிரிங் முறுக்குவதில் அவருக்கு ஒரு விளையாட்டு உண்டு. மூன்று சுற்று முறுக்கிவிட்டு, இன்னொன்று சேர்ப்பார். "மூணு கம்பெனிக்கு, ஒண்ணு மாதாவுக்கு" என்பார். நாலாவது சுற்றால் ஒரு கெடுதலும் இல்லை. மெல்லிய சட்டங்களுக்கு அது நல்லதும்கூட. நான் ஒரு நாளும் தடுத்ததில்லை.

அந்த வருட ஆயுத பூஜை அன்று காலையிலேயே ரிங்குகளை உலையில் வைத்திருந்தேன். பூஜை சாயங்காலம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் எல்லாவற்றையும் ஊற்றி முடித்துவிடலாம் என்று கணக்கு. ஆனால் அன்று அந்தச் சாலையில் எல்லாக் கம்பெனியிலும் பூஜை. எல்லோருக்கும் நேரம் கொடுத்துக் குழம்பிய ஐயர், எங்களுக்கு மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். ரிங்குகள் அப்போதுதான் முழுச் சூட்டுக்கு வந்திருந்தன.

எம்.டி. பட்டு வேட்டியில் இருந்தார். "எல்லாத்தையும் நிறுத்துங்க. உலையையும்தான்" என்றார்.

"சார், உள்ள ரிங் இருக்கு."

"கொஞ்ச நேரம்தானே. ஆயுதம் ஓய்வா இருக்கணும். படிச்சவங்க நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

சுற்றிலும் எல்லோரும் நின்றார்கள். மெழுகு அறைப் பெண்கள் பூ வைத்துக்கொண்டு நின்றார்கள். 'சார், ஆறினால் இந்த வார வேலை முழுக்கக் குப்பைக்குப் போகும்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பார். அவர் மோசமான மனிதர் அல்ல. எனக்குக் கூச்சம். மெயினை நானே அணைத்தேன். மெஷினுக்குச் சந்தனம் வைத்தார்கள், வாசலில் பூசணி உடைத்தார்கள், பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். பூஜை முடிவதற்குள் எல்லோரையும் வீட்டுக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் வந்துவிட்டது. உலையை மறுபடி போட யாரும் இல்லை. நானும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டேன். லூர்துசாமி அன்று விடுப்பில் இருந்தார். மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று செங்கல்பட்டுக்குப் போயிருந்தார். மறுநாளும் விடுமுறை.

விடுமுறை முடிந்த காலையில் எல்லோருக்கும் முன்னால் போனேன். உலையைத் திறந்து பார்த்தேன். ரிங்குகள் வெள்ளையாக, சில்லென்று இருந்தன. வெளிநாட்டுக்குப் பார்சல் போக வேண்டிய வேலை அது. வேண்டாம் என்று தூக்கிப் போட்டால், பூஜையன்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். பார்சலுக்கு அல்ல. கதவை மூடி, சுவிட்சைப் போட்டேன். முதல்முறை வைப்பது போல மெதுவாக, ஒழுங்காகச் சூட்டை ஏற்றினேன். ஒழுங்காகச் செய்தால் தப்பித்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். படித்தவன் தன்னை ஏமாற்றிக்கொள்வது இப்படித்தான்.

லூர்துசாமி வந்ததும் வாசலிலிருந்தே கேட்டார். "இன்னா சார், எனக்குப் பொரி எடுத்து வச்சியா?"

"டேபிள்ல இருக்கு."

"சுண்டல்?"

"வாட்ச்மேன் சாப்ட்டாரு."

"அது வயிறா சார், நம்ம ஃபர்னஸா?" உலையைப் பார்த்தார். "அதுக்குள்ள காய வச்சிட்டியா? விடிகாலைலயே வந்துட்ட போல. வூட்ல சண்டையா?"

"ஆமா" என்றேன். சிரித்தார். எப்போது வைத்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

வேலையைத் தொடங்கும்போது அவரிடம் சொன்னேன். "லூர்து, இன்னைக்கு மூணு சுத்து போதும். சேக்காத."

"மாதா கோச்சுக்கும் சார்."

"பரவாயில்ல. மூணுதான்."

இந்த ஒரு பேச்சை நினைவில் வையுங்கள். ரிங் பலவீனமாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முதல் ரிங் தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. என் பயம் குறைந்தது. இது மிக ஆபத்தான இடம். தவறு செய்துவிட்டு முதல் இரண்டு முறை தப்பித்தவனுக்கு மூன்றாவது முறை கண் மங்கிவிடும்.

எனக்கு மங்கவில்லை. அதுதான் கொடுமை. மூன்றாவது ரிங்கை இடுக்கியால் வெளியே எடுத்தேன். வெளிக்காற்று பட்டதும் ரிங்கின் மேற்பரப்பு முதலில் கறுக்கும். விரிசல் இருந்தால் அதன் உள்ளே மட்டும் சிவப்பு நிற்கும். கறுத்த முகத்தில் நகக்கீறல் போல ஒரு சிவப்புக் கோடு. அதைப் பார்த்தேன். மேலிருந்து பக்கவாட்டில் இறங்கியிருந்தது.

மெஷினில் உலோகம் உருகித் தளதளத்துக்கொண்டிருந்தது. உருகிய உலோகம் காத்திருக்காது. இன்னும் சூடேறினால் கெட்டுப்போகும். ரிங்கை வைத்தேன்.

"ரிங்கு நல்லா கீதா சார்?"

"நல்லா இருக்கு. விடு."

சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். மற்ற நாட்களில் நகர மாட்டேன். அன்று கால்கள் தாமாக நகர்ந்தன.

மெஷினைச் சுற்றித் தகரத் தொட்டி உண்டு. டார்ச் மேலிருந்து வர வேண்டியிருப்பதால் அதன் வாய் திறந்திருக்கும். ஸ்பிரிங்கை விட்ட பிறகுதான் மூடியைப் போட முடியும். மூடி போடுவதற்குள் ரிங் பிளந்தது. சத்தம் பெரிதாக இல்லை. தட்டு கீழே விழுந்தது போல இருந்தது. உலோகம் தொட்டிச் சுவரில் மோதி மேலே தெறித்தது. அவர் போட்டிருந்த தோல் கையுறையின் வாய் அகலமானது. அதற்குள் ஒரு துளி விழுந்தது. வெளியே விழுந்திருந்தால் உதறியிருக்கலாம். கையைக் காக்கப் போட்ட உறை அந்தத் துளியைப் பிடித்து வைத்துக்கொண்டது. அவர் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. நான் ஓடிப்போய் இழுத்தேன். உறையோடு சேர்ந்து வந்ததை எழுத மாட்டேன்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேனில் படுக்கவைத்தபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "இன்னா ஆச்சு சார்?" நான் பதில் சொல்லவில்லை.

வேன் போனதும் அறைக்குத் திரும்பி வந்து உடைந்த துண்டுகளை நானே பெருக்கி அள்ளினேன். யாரும் சொல்லவில்லை. மற்றவர்கள் அதைப் பொறுப்பு என்று நினைத்தார்கள்.

விசாரணையில் எம்.டி.யும் வெளியிலிருந்து வந்த ஓர் அதிகாரியும் இருந்தார்கள். மெஷினில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. ரிங் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நன்றாக இருந்தது என்றேன். பின்னே எப்படி வெடித்தது என்றார்கள்.

"ஸ்பிரிங்கை ஓவரா முறுக்கிட்டான்னு நினைக்கிறேன். அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. இன்னைக்கு வேணாம்னு சொல்லியும் வச்சேன்."

கடைசி வாக்கியம் உண்மை. அதனால்தான் பொய் அவ்வளவு நன்றாக நின்றது. மாதாவுக்கு ஒரு சுற்று என்பது எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. அங்கிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எத்தனை சுற்று என்று அதிகாரி கேட்டார். அஞ்சு இருக்கும் என்றேன். லூர்துசாமியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்க யாரும் மருத்துவமனைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் பலகை மாட்டினார்கள்.

லூர்துசாமியின் கை ஆறியது. ஆனால் விரல்கள் உள்ளே மடங்கி நின்றுவிட்டன. வேறு வேலை கொடுங்கள் என்று வந்தபோது, சொன்னதைக் கேட்காத ஆள் என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு லேபுக்குப் போனார். மாவு கலக்க இடது கை போதும் என்று கேட்டிருக்கிறார். "அஞ்சு சுத்து லூர்துவா நீ?" என்று அங்கே சிரித்தார்களாம். கடைசியில் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று, ஷேர் ஆட்டோக்களுக்கு ஆள் கூப்பிடும் வேலைக்குப் போனார். "ஒரகடம், ஒரகடம்" என்று கத்தும் குரலை நான் ரயிலிலிருந்து இறங்கும்போதே கேட்பேன். சில நாள் மேம்பாலத்திலிருந்து பார்த்தேன். பிறகு வழியை மாற்றினேன். பூந்தமல்லி போய், பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகத் தொடங்கினேன். சுற்றுவழி. அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க அதைச் சுமந்தேன்.

இதுவரை சொன்னது ஒரு மனிதனுக்கு நான் செய்தது. இனி சொல்வது உங்கள் எல்லோருக்கும் செய்தது.

விபத்துக்குப் பிறகு புதிதாக வந்தவர்களுக்கு நான் பாடம் சொல்லும்போது, ஆறிய ரிங்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் யாராவது ஒருவருக்கு அந்த ஆயுத பூஜை நினைவுக்கு வரும் என்று பயம். முதல் நாள் சொல்லும் விதியாக இருந்தது மெல்ல மறைந்தது. அந்த இடத்தில் பலகை வந்தது. எல்லோரும் சுற்றை எண்ணினார்கள். யாரும் ரிங்கின் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டுப் பதில் வாங்கும் வழக்கமும் போயிற்று. ரிங் நன்றாக இருந்தும் வெடித்தது என்று நானே சொல்லிவிட்ட பிறகு, ரிங்கைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

சில வருடங்கள் கழித்து, ஒரு கோடையில், நாளெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒரு நாள் நீண்ட நேரம் போய்விட்டது. ஜெனரேட்டரும் ஓடவில்லை. நான் அன்று சென்னையில் ஒரு வேலையாக இருந்தேன். கரண்ட் வந்ததும், ராமநாதபுரத்திலிருந்து எங்கள் அறைக்கு வேலைக்கு வந்திருந்த முருகேசன் உலையை மறுபடி போட்டிருக்கிறார். ரிங்குகள் ஆறிப்போயிருந்தன. அதில் தப்பு இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

மறுநாள் போனபோது கூரைத் தகரத்தில் கருகிய புள்ளிகள் இருந்தன. ஸ்பிரிங்கை விட்ட நொடியில் இடுக்கி கீழே விழுந்திருக்கிறது. எடுக்கக் குனிந்திருக்கிறார். தலை இருந்த இடத்தில் உலோகம் பறந்திருக்கிறது. முதுகில் சட்டை மட்டும் ஓரிடத்தில் பொசுங்கியிருக்கிறது. என்னைக் கண்டதும் ஓடிவந்தார்.

"மூணு சுத்துதேன் சார் வச்சேன். சத்தியமா மூணுதேன். பலகைல போட்ருக்கபடியேதேன் செஞ்சேன்."

"தெரியும்" என்றேன்.

"அப்பறம் ஏன் சார் வெடிச்சுச்சு?"

லூர்துசாமி வேனில் கேட்ட அதே கேள்வி. இந்தமுறை பதில் சொன்னேன். ஆறிய ரிங் என்று சொன்னேன். "இத ஏன் சார் பலகைல எழுதல?" என்றார். குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அன்று எம்.டி.யிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "முடிஞ்சுபோன விஷயம். இப்ப கிளறுனா எல்லாருக்கும் கஷ்டம். பலகை இருக்கட்டும், அது நல்ல விதிதானே. கீழ இதையும் ஒரு வரி சேத்து எழுதிடுங்க" என்றார். லூர்துசாமியின் பெயரை அவர் எடுக்கவில்லை. அறையைவிட்டு வெளியே வந்தபோது, அவர் சொன்னது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதை உணர்ந்தேன். ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வசதியில் நின்றுவிடக் கூடாது என்று அன்றே சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன்.

அவர் என்னைக் கண்டுகொண்டு சிரித்தார். "இன்னா சார், ஆளே காணோம். வேலைய வுட்டுட்டியோன்னு நெனச்சேன்." டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். ஆயுத பூஜை, ஆறிய ரிங், சிவப்புக் கோடு, நான் சொன்ன பதில், விசாரணை. அவர் கிளாஸை இடது கையில் பிடித்தபடி குடிக்காமல் கேட்டார்.

"அப்ப நான் எத்தினி சுத்து வச்சேன்?"

"மூணு."

"கரெக்டா பாத்தியா?"

"பாத்தேன். மூணுதான்."

"நீ வேணாம்னு சொன்ன இல்ல? அது எனக்கு ஞாபகம் கீது. சொல்லியும் பழக்கத்துல கை தானா சேத்துருச்சுன்னு நெனச்சினு இருந்தேன் சார். தூங்கும்போதுகூட எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்பறம் நாலாவது வரும். நான் வைக்கவேல்லயா?"

"இல்ல."

அவர் தன் வலது கையைத்தான் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒருவன் தன் சாப்பாட்டைப் பறிகொடுப்பது பெரிய விஷயம். தன் கை மேலேயே நம்பிக்கையைப் பறிகொடுப்பது அதைவிடப் பெரியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கட்டிய பொய்யை ஊர் நம்பியது. அவரும் நம்பியிருந்தார்.

"வா. அவளாண்ட வந்து சொல்லு" என்றார்.

ஆட்டோவில் பிள்ளைப்பாக்கம் போனோம். அவர் மனைவி ஸ்டெல்லா ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். உட்காருங்க சார் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, டீக்குத் தண்ணீர் வைத்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவர் அழவில்லை. கத்தவும் இல்லை.

"இத்தினி வருஷமா இந்த ஆள நான் பேசாத பேச்சு இல்ல சார். ஒன் திமிருக்குத்தான் கை போச்சுன்னு புள்ளைங்க முன்னாடியே பேசிருக்கேன். மாதா பேர வச்சு வெளையாடுன, அதான் மாதா குடுத்துச்சுன்னு சொல்லிருக்கேன்." அடுப்பைப் பார்த்தார். கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை இறக்கிக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். "நீங்க போங்க சார்."

என்னால் முடிந்ததைச் செய்கிறேன் என்று வாசலில் லூர்துசாமியிடம் சொன்னேன். அவர் உதவி எதுவும் கேட்கவில்லை. "அந்த ரூம்ல வந்து சொல்லு. எல்லாரும் கேக்கணும். நான் அங்க நிக்கணும்" என்றார்.

எம்.டி.யிடம் கேட்காமல் அவரை உள்ளே அழைத்துப் போனேன். ஷிஃப்ட் மாறும் நேரம், இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் அறையில் இருந்தார்கள். சொன்னேன். மனதுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன், ஆனால் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்கள் யாரும் அங்கே மிஞ்சவில்லை. புதியவர்களுக்கு லூர்து என்பது பலகைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெயர். மரியாதையாகக் கேட்டார்கள். மன்னிக்கவோ திட்டவோ அவர்களுக்கு ஒன்றும் இல்லை. சிலர் அவர் கையைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அப்ப நாலு சுத்து வச்சா ஒண்ணும் ஆவாதா சார்?"

லூர்துசாமிதான் பதில் சொன்னார். "ஒண்ணும் ஆவாது. மூணு கம்பெனிக்கு வை, ஒண்ணு மாதாவுக்கு வை." ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வேடிக்கையை அங்கே யாரும் கேட்டதே இல்லை.

அந்த மாதமே எம்.டி. என்னை ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டேன். அதைத் தண்டனை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். போவதற்கு முன் இரண்டு காரியம் செய்தேன். பலகையைக் கழற்றிவிட்டு, ஆறிய ரிங்கை மறுபடி காய்ச்சாதே என்று வேறொன்று மாட்டினேன். பக்கத்தில் ஒரு சுத்தியலைத் தொங்கவிட்டேன். நான் வேலை கற்ற இடத்தில் ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். சந்தேகப்பட்ட ரிங்கை மறுநொடியே சுத்தியலால் தட்டி உடைத்துவிடுவார். முழுசாக இருந்தால் மனசு மாறும் என்பார். எனக்கு அது அப்போது முரட்டுத்தனமாகப் பட்டது. இளையவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சந்தேகம் வந்தால் முதலில் உடைத்துவிடுங்கள். யாரிடம் என்ன பதில் சொல்வது என்று பிறகு யோசியுங்கள். நான் முதலில் பதிலை யோசித்தேன். ஒருவேளை ரிங் வெடித்தே விட்டால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். விபத்துக்குப் பொய்க் காரணம் சொல்பவன் அடுத்த விபத்துக்கு நாள் குறிக்கிறான்.

அன்று அறையில் நடந்த கடைசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேசி முடித்த பிறகும் ஷிஃப்ட் ஓட வேண்டும். உலையில் ரிங்குகள் காய்ந்து நின்றன. அன்று காலையில் வைத்தவை, ஒருமுறைகூட ஆறாதவை. முருகேசன் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டார்ச்சைப் பற்றவைத்தார். இடுக்கியை நான் எடுத்தேன். லூர்துசாமி மெஷினுக்கு அருகில், பழைய இடத்தில் நின்றார். உலோகம் உருகியது. ரிங்கை வெளியே எடுத்தேன்.

"ரிங்கு நல்லா கீதா சார்?"

கேட்டது முருகேசன் அல்ல.

முகம் கறுக்கும் வரை காத்திருந்தேன். ரிங்கைத் திருப்பிப் பக்கங்களைப் பார்த்தேன். அடியைப் பார்த்தேன். சிவப்பு எங்கேயும் இல்லை.

"நல்லா இருக்கு" என்றேன்.

லூர்துசாமி தலையாட்டினார். பிறகு மடங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஸ்பிரிங் விடுபடுவதற்குள் அறையைவிட்டு வெளியே போய் நின்றார்.